கரிசல் காட்டில் மிதந்த படகுகள்

பசுவந்தனைப் பக்கம் பிறந்தவர்களுக்குப் படகு என்பது முதலில் படத்தில் பார்த்த பொருள்தான். பசு வந்து சிவனை வந்தனை செய்த ஊர் என்று பெயருக்குக் காரணம் சொல்வார்கள். பசுவுக்குக் குறைவில்லை, தண்ணீருக்குத்தான் குறை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கண்மாய் நிறையும். வெயில் ஏற ஏற வற்றி, சித்திரையில் அதே கண்மாய்க்குள் மாட்டு வண்டி குறுக்கே போகும். கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் மிளகாயும் வானத்தைப் பார்த்து விளைகிற மானாவாரி பூமி. இந்தக் கரிசலில் துடுப்புக்கு என்ன வேலை?

ஆனாலும் எங்கள் வீட்டில் ஒரு படகு இருந்தது. பட்டாசாலைச் சுவரில் ஆணியில் தொங்கியது. கங்கைக் கரையிலிருந்து குகன் துடுப்புப் போட, ராமரும் சீதையும் லட்சுமணரும் படகில் போகிற காலண்டர் படம். முன்னால் தாமரை, நடுவில் படகு, பின்னால் நீல மலை, அதற்கு மேல் ரோஸ் நிற மேகம். வருஷம் முடிந்ததும் தேதித்தாள் அட்டையைக் கழற்றிவிட்டு, படத்துக்கு மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். வெள்ளி, செவ்வாய் அம்மா அதற்கும் சேர்த்துப் பொட்டு வைப்பாள்.

சாமி படம் என்று கும்பிட்டோம், சரி. சாமி என்பதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் அது என்ன படம்? இளவயசுக்காரர்கள் நாலு பேர் படகில் போகிற படம். கிட்டத்தட்ட இதே விஷயத்தைப் பாரிஸ் பட்டணத்து ஓவியர்களும் எழுதினார்கள். அந்தப் படங்களைப் பார்க்க இன்றைக்கு உலகமே வரிசையில் நிற்கிறது. நம்மூர்ப் படம் கோயில் அரசமரத்தடியில் கிடக்கிறது. இது ஏன் இப்படி ஆயிற்று என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த வரை எழுதுகிறேன்.

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் ஞாபகம் வரும். எங்கள் தலைமுறைக்கு இன்னொன்றும் உண்டு, அது சாமி படம். தமிழ்நாட்டில் பாதி வீடுகளின் பூஜை அலமாரியில் இருந்த லட்சுமியும் முருகனும் மீனாட்சியும் கோவில்பட்டியில் ஒரு மனிதரையும் அவருடைய சீடர்களையும் சுற்றி உருவானவர்கள் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

அந்த மனிதர் சி. கொண்டையராஜு. 1898இல் சென்னையில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கி வைத்த பள்ளி அது. இப்போது எழும்பூர் கவின்கலைக் கல்லூரி. படிப்பு முடிந்த பிறகு கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார். அதற்குப் பிறகு நாடகக் கம்பெனியில் சீன் எழுதும் வேலை. கம்பெனி ஊர் ஊராகச் சுற்றிக் கோவில்பட்டிக்கு வந்த இடத்தில் கலைந்து போனது. ராஜு இங்கேயே தங்கிவிட்டார். 1940களில் தேவி ஆர்ட் ஸ்டூடியோ வந்தது. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதருக்குச் சீடர்கள்தான் குடும்பம். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், ஸ்ரீனிவாசன், செண்பகராமன் என்று ஒரு பெரிய பட்டாளம். குரு பெயரும் சீடர் பெயரும் சேர்ந்தே கையெழுத்தான படங்கள் பல உண்டு. 1976இல் கோவில்பட்டியிலேயே காலமானார்.

நாடகத்துக்குச் சீன் எழுதிய கை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அரண்மனை, தெரு, நந்தவனம், காடு, ஆறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படுதா. சுருட்டி வைத்திருப்பார்கள், காட்சிக்குத் தக்கபடி இறக்குவார்கள். பத்தடி ஆழம்கூட இல்லாத மேடையில் பத்து மைல் தூரம் தெரிய வேண்டும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தண்ணீர் அசைவது போல இருக்க வேண்டும். இல்லாததை இருப்பதாகக் காட்டுகிற வித்தை அது. பிறகு அதே கை காலண்டர் எழுதியபோது, சாமி முன்னால் நம்மைப் பார்த்து நிற்கும், பின்னால் நந்தவனமும் நதியும் மலையும் படுதா மாதிரியே இறங்கி நிற்கும். நம் வீட்டுப் பழைய படங்களை ஒருமுறை அப்படிப் பாருங்கள், நாடக மேடை தெரியும்.

படத்தை எழுதினால் போதுமா? ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டுமே. அதற்குச் சிவகாசி இருந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு வேண்டும். அச்சு வந்து ஊன்றியதும் காலண்டர் வந்தது. அதற்கு முன்பே 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் வைத்துச் சாமி படங்களை வீடுதோறும் கொண்டுபோகிற வழியைத் திறந்து வைத்திருந்தார். கோவில்பட்டியும் சிவகாசியும் சேர்ந்து அந்த வழியைத் தார் ரோடாகப் போட்டன என்று சொல்லலாம். ஜவுளிக்கடை, நகைக்கடை, உரக்கடை, எண்ணெய்க்கடை என்று எல்லோரும் தைப்பொங்கலுக்கு முன்னால் காலண்டர் கொடுத்தார்கள். காசு கொடுத்து ஓவியம் வாங்க முடியாத வீட்டுக்கும் வருஷத்துக்கு ஒரு ஓவியம் இலவசமாக வந்து சேர்ந்தது. நான் தபால் இலாகாவில் இருந்தவன். டிசம்பர் கடைசியில் சுருட்டிக் கட்டிய காலண்டர் பார்சல்கள் எத்தனை என் கையால் போயிருக்கும் என்று கணக்கில்லை.

நம் ஓவியத்தில் நீர் விளையாட்டு இதற்கு முன்பும் உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் குகையின் கூரையில் ஒரு தாமரைக் குளம். 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துப் படம். மீனும் அன்னமும் யானையும் இருக்கிற குளத்துக்குள் இளைஞர்கள் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். அந்த வட்டாரமும் நம்மைப் போல மானாவாரிதான். நம் நெல்லைச் சீமையிலேயே திருப்புடைமருதூர் கோயில் கோபுரத்தின் உள்தளச் சுவர்களில் குதிரை ஏற்றி வரும் கப்பல் ஒன்று எழுதியிருக்கிறது. அது விளையாட்டில்லை, வியாபாரம். வடக்கே ராஜஸ்தானத்தில் கிஷன்கர் என்ற ஊரில் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நிகால் சந்த் என்ற ஓவியர் ஏரியில் சிவப்புப் படகு விட்டு, அதில் ராதையையும் கிருஷ்ணனையும் உட்கார வைத்தார். டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராஜஸ்தானத்தின் வறட்சியைச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. தாகம் எடுத்தவன் கனவில்தான் தண்ணீர் வரும். எங்கள் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, பாரத தேசத்தைப் பற்றிய பாட்டில் நிலா வெளிச்சத்தில் சிந்து நதியில் சேர நாட்டுப் பெண்களோடு படகு விட்டு விளையாட ஆசைப்படுகிறார். 1964இல் ‘கை கொடுத்த தெய்வம்’ படத்தில் சிவாஜி பாரதி வேஷத்தில் அந்தப் பாட்டுக்கு நடித்தபோது, கொட்டகையில் எங்கள் ஊர்ச் சனம் கை தட்டியது இன்னும் காதில் இருக்கிறது. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906இல் கம்பெனி தொடங்கி நிஜமாகவே கப்பல் விட்டார். ஒரே கரிசலில் ஒருவர் பாட்டில் படகு விட்டார், ஒருவர் கடலில் கப்பல் விட்டார். கோவில்பட்டிக்காரர்கள் தாளில் விட்டார்கள்.

இனி பாரிஸ் கதைக்கு வருகிறேன். என் மகள் சிகாகோவில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது மாப்பிள்ளை ஒரு நாள் ஓவிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார். “மாமா, இந்த ஒரு படத்தைப் பார்க்கவே ஆட்கள் வருவாங்க” என்று ஒரு படத்தின் முன்னால் நிறுத்தினார். ஏழடி உயரம், பத்தடி அகலம் இருக்கும். எங்கள் பட்டாசாலைச் சுவர் முழுக்கப் பிடிக்கும். ஜார்ஜ் சூரா என்ற பிரெஞ்சு ஓவியர் 1884 முதல் 1886 வரை எண்ணெய் வண்ணத்தில் எழுதியது. பாரிஸ் அருகே சேன் ஆற்றில் கிராண்ட் ஜாட் என்ற தீவு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். குடை பிடித்த பெண்கள், தொப்பி வைத்த ஆண்கள், நாய், ஒரு குரங்குகூட உண்டு. ஆற்றில் பாய்மரப் படகுகள். ஒரு நீளப் படகில் நாலு பேர் துடுப்புப் போட, ஒருவர் வழிகாட்ட, ஓட்டப் பந்தயம் மாதிரிப் போகிறார்கள்.

அவர்கள் ஏன் இதை எழுதினார்கள்? காரணம் ரொம்பச் சாதாரணம். ரயில். 1837இல் பாரிஸிலிருந்து மேற்கே சேன் ஆற்றுப் பக்கமாக ரயில் போட்டார்கள். அதற்குப் பிறகு கடைச் சிப்பந்தி, குமாஸ்தா, தையல் வேலை செய்கிற பெண் என்று எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்து ஆற்றுக்குப் போனார்கள். வாடகைக்குப் படகு, கரையில் சாப்பாட்டுக்கடை. ஓவியர்களும் அதே ரயிலில் போனார்கள். தகரக் குழாயில் அடைத்த வண்ணம் 1841இல் வந்துவிட்டதால் ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்து எழுத முடிந்தது. ரெனுவார் 1881இல் முடித்த படகுக்காரர்கள் விருந்துப் படம் இப்படிப்பட்ட ஒரு சாப்பாட்டுக்கடை மாடியில் நடக்கிறது. சூராவே தீவுப் படத்துக்கு முன்னால், 1884இல் அஸ்னியேர் என்ற இடத்தில் வேலைக்காரப் பையன்கள் ஆற்றில் குளிக்கிற படத்தை எழுதினார். பாரிஸ் கண்காட்சியில் அதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்போது அவருக்கு வயது 24. இன்றைக்கு அது லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது.

ரெனுவார் காலத்து ஓவியர்களை இம்ப்ரெஷனிஸ்ட் என்பார்கள். கண நேர வெளிச்சத்தைப் பிடிப்பவர்கள். அதோடு நிற்காமல் அதற்கு அப்பால் போனவர்கள் சூரா, செசான், வான்கோ, கோகின். 1910இல் லண்டனில் ரோஜர் ஃபிரை என்ற விமர்சகர் கண்காட்சி நடத்தியபோதுதான் இவர்களுக்குப் போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட் என்று பெயர் வைத்தார். அதாவது, இம்ப்ரெஷனிஸ்டுகளுக்குப் பின்னால் வந்தவர்கள். அவ்வளவுதான். அதற்குள் சூரா இறந்து 19 வருஷம் ஆகியிருந்தது. 1891இல், 31 வயதிலேயே போய்விட்டார்.

சூராவின் படத்துக்குக் கிட்டப் போனேன். படம் காணாமல் போய்விட்டது. வெறும் புள்ளி. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம், பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு. பத்தடி பின்னால் வந்தால் புல்லும் நிழலும் தண்ணீரும் திரும்பி வந்துவிடுகின்றன. வண்ணத்தைத் தட்டில் கலக்காமல் பார்க்கிறவன் கண்ணில் கலக்க விடுகிற முறை. இதற்கு வித்திட்டவர் செவ்ரெல் என்ற ரசாயன அறிஞர். பாரிஸில் அரசு நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தைப் பார்த்தால் குறையில்லை. பக்கத்தில் ஓடுகிற நூலின் நிறம்தான் கறுப்பை மங்கலாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து 1839இல் புத்தகம் போட்டார்.

பருத்தி பூமிக்காரர்களுக்கு இது புதிதா என்ன? மயில்கழுத்து நிறச் சேலையைப் பார்த்ததில்லையா? பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம். இரண்டும் சேர்ந்து மூன்றாவது ஒரு நிறம் கண்ணில் பளபளக்கும். நம் தறிக்காரர்கள் புத்தகம் போடாமலே நெய்து கொண்டிருந்தார்கள்.

அதைவிட வேடிக்கை இன்னொன்று. சிவகாசிக் காலண்டரை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். புள்ளிதான்! பழைய லித்தோ முறையில் வண்ணத்துக்கு ஒரு கல், அல்லது ஒரு தகடு. மங்கலும் அழுத்தமும் காட்ட அதில் கையாலேயே பொடிப் புள்ளி வைப்பார்கள். ஆஃப்செட் வந்த பிறகு நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு மைப் புள்ளிகள். குகனுடைய ஆற்றுத் தண்ணீரும் சூராவின் ஆற்றுத் தண்ணீரும் ஒரே மாதிரி நம் கண்ணில்தான் தண்ணீராகின்றன. அவர் தூரிகையால் இரண்டு வருஷம் வைத்த புள்ளியை நம் மெஷின் ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளியது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றை உயர்ந்த கலை என்றும் மற்றதைக் கடைக் காலண்டர் என்றும் அடியோடு பிரிக்கிறவர்கள், ஒருமுறை பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்ப்பது நல்லது.

வித்தியாசம் எங்கே என்றால், படகில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில். சூராவின் படகில் குமாஸ்தாக்கள். நம் படகில் ராமரும் சீதையும். அவர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் கோயில் பிரகாரத்துச் சிற்ப வரிசை மாதிரி அசையாமல் நிறுத்தி, சாதாரண மனுஷருக்குச் சாமியின் கம்பீரம் கொடுத்தார். நம்மவர் அதற்கு எதிர்ப்பக்கமாக வந்தார்கள். சாமியை நம் தெருப்பிள்ளைகள் மாதிரி ஆக்கினார்கள். அந்தப் படத்தில் சீதை தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். காட்டுக்குப் போகிற துக்கம் முகத்தில் இருக்காது. ஆயிரம் ஓடத்துக்குச் சொந்தக்காரன் என்று கம்பர் பாடிய குகன், துடுப்பைப் பிடித்தபடி கூச்சத்தோடு நிற்பான், புதிதாக வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி. எங்கள் பாட்டி அந்தப் படத்தைக் காட்டித்தான் குகன் கதை சொல்வாள். கூட்டிப் போகிறவன் வேடன், போகிறவன் ராஜா, படகு ஒன்று, அவ்வளவுதான் கதை என்பாள்.

சரி, நம்மைப் போன்றவர்களுக்குப் படகில் ஏற வாய்ப்பே இல்லையா? இருந்தது. போட்டோ ஸ்டூடியோவில். அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் பின்னால் ஒரு திரை கட்டியிருப்பார்கள். ஏரி, படித்துறை, தூரத்தில் படகு, அதற்கும் மேலே நிலா. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் நாங்கள் நாலு பேர் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போய் அப்படி ஒரு திரைக்கு முன்னால் நின்றோம். போட்டோகிராபர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, “தம்பி, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளு, படகு மறையுது” என்றார். நண்பன் மெதுவாக, “டே, நம்ம மூஞ்சியவிட அவருக்குப் படகு முக்கியம்டே” என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற முகங்கள் அந்தப் போட்டோவில் அப்படியே இருக்கின்றன. சேன் ஆற்றில் துடுப்புப் போட்ட பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. அவர்களுக்கு ரயில் டிக்கெட்டில் ஆறு கிடைத்தது. எங்களுக்குப் பஸ் டிக்கெட்டில் எழுதின ஆறு கிடைத்தது.

சூராவின் படம் 1926இல் சிகாகோ அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1958இல் நியூயார்க்கில் நடந்த சூரா கண்காட்சிக்குக் கொடுத்து அனுப்பினார்கள். ஏப்ரல் 15ஆம் தேதி அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்தது. ஒரு தொழிலாளி இறந்து போனார். மோனே எழுதிய பெரிய அல்லிக்குளப் படம் எரிந்து போனது. சூராவின் படத்தைப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தப் படம் சிகாகோவை விட்டு வெளியே போகவில்லை. எந்த நாடு கேட்டாலும் கொடுப்பதில்லை.

நம் படங்கள்? தைப்பொங்கல் வந்தால் பழைய காலண்டர் இறங்கும். பாடப் புத்தகத்துக்கு அட்டை போடுவார்கள், டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரிப்பார்கள். சட்டம் போட்டு மாட்டியது மட்டும் தப்பும். அதுவும் கண்ணாடி விரிசல் விட்டால், உடைந்த சாமி படம் வீட்டில் ஆகாது என்று கோயில் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். தூக்கிப் போட மனசு வராது, வைத்திருக்கவும் பயம். மழையும் கரையானும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பழைய ஓட்டு வீடுகளை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டுகிற இந்த முப்பது வருஷத்தில் அப்படிப் போனவை எத்தனையோ.

கொண்டையராஜு படித்த அதே சென்னைப் பள்ளியில் பிறகு படித்தவர்தான் கே.சி.எஸ். பணிக்கர். வான்கோவையும் கோகினையும் உள்வாங்கி, பிறகு தனக்கென்று ஒரு வழி கண்டு, 1957இல் அந்தப் பள்ளிக்கே முதல்வரானவர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். அவரைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு, கூடங்கள் உண்டு, இருக்கவும் வேண்டும். அதே பள்ளியிலிருந்து கோவில்பட்டிக்கு வந்த இன்னொரு கிளையைப் பற்றி ஆழமாக ஆராய்ந்து எழுத ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் வர வேண்டியிருந்தது. எல்லார் வீட்டிலும் இருந்ததால்தானோ என்னவோ, நாம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசகர் நினைத்தால் காப்பாற்ற முடியும் என்பதற்கு நம் கண் முன்னாலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1950இல் கல்கி பத்திரிகையில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது மணியம் படம் வரைந்தார். கோடிக்கரைக் கடலில் படகு வலிக்கும் பூங்குழலியை அவர் வரைந்த மாதிரிதான் இன்றைக்கும் எல்லோரும் மனசில் வைத்திருக்கிறார்கள். வாராவாரம் வந்து போகிற பத்திரிகைத் தாள்தான் அது. வீட்டுப் பெண்கள் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பைண்டு பண்ணி வைத்தார்கள். அப்படித்தான் அந்தப் படங்கள் வீடு வீடாக நிலைத்தன. கதைக்குக் கொடுத்த மரியாதை படத்துக்கும் கிடைத்தது.

ஆகவே, கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பரணைச் சுத்தம் பண்ணும்போது பழைய சாமி படம் கையில் வந்தால், அரசமரத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஜன்னல் பக்கம் எடுத்து வைத்து ஈரத் துணியால் கண்ணாடியைத் துடையுங்கள். கீழ் மூலையில் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அச்சகத்தின் பெயர், கடையின் பெயர், வருஷம் எது தெரிந்தாலும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். செல்போனில் வெளிச்சமாக ஒரு படம் எடுத்து, பிள்ளைகளிடம் சொல்லிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். கண்ணாடி உடைந்திருந்தால் கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும், சாமியை இல்லை. சட்டம் போடுகிற கடைக்காரர் பத்து நிமிஷத்தில் செய்து கொடுப்பார்.

குகன் படகு யார் வீட்டிலாவது இன்னும் தொங்கினால் எனக்கும் சொல்லுங்கள். வந்து பார்த்துவிட்டுப் போகிறேன், பூதக்கண்ணாடியோடு.